கப்பல்காரரின் ஒரு நொடி

படப்பிடிப்புத் தளத்தில் அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் கடலில் கால் நனைத்ததோடு சரி. அவர் கட்டியது விண்வெளிக் கப்பல், அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக, ஒட்டுப்பலகையிலும் அலுமினியத் தகட்டிலும். முன்பக்கம் பார்த்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் முட்டை அட்டை, பழைய வாஷிங் மெஷினின் திருகு, உடைந்த ஷவர் என்று ஊர்க்குப்பை முழுக்க அங்கே குடியிருக்கும். எதையும் தூக்கிப் போட மனசு வராத மனிதருக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

அவருக்கு ஒரு பழக்கம். கப்பலின் எந்தப் பொத்தான் பலகைக்கும் மின்சாரம் கொடுக்கும் முன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி கண்ணை மூடுவார். அப்புறம்தான் சுவிட்ச். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பலகை அவரைத் தூக்கி எறிந்ததில் ஒரு வாரம் கை மரத்துக் கிடந்தது. அன்றிலிருந்து இப்படி.

வீட்டில் எதிர்க்கட்சி. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாமி என்று பேச்செடுத்தாலே, "ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்கிற ஆள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இவரை மாற்றவில்லை, இவரும் அவரை மாற்றவில்லை. சண்டையெல்லாம் சன்னலைப் பற்றித்தான். அந்த அம்மாவுக்குக் காற்று வேண்டும், இவருக்குக் குளிர் ஆகாது. தொடரை மட்டும் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். கப்பலைப் பார்க்க இவர், குறை கண்டுபிடிக்க அந்த அம்மா.

"என்னங்க இது? கும்பிடறவன் வந்தா ஒண்ணு முட்டாளா இருக்கான், இல்ல திருடனா இருக்கான். விஞ்ஞானம் படிச்சவளுக்குச் சிரிக்கவே வராது. நான் சிரிக்கிறதில்லையா? நீங்க முட்டாளா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சரி, கடைசிக் கேள்விய விடுங்க."

குறை நியாயமானதுதான். 'நானூறு வருஷத்துக்கு அப்புறம் சாமி கிடையாது' என்று ஒரு தாளில் எழுதித் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தார் இயக்குநர். கப்பலில் ஒரே ஒரு சாமியார் உண்டு, அதுவும் சிரிப்புக்காக. வழுக்கி விழுவதும் தப்பான பொத்தானை அமுக்குவதும் அவர் வேலை. தலைமைப் பொறியாளராக வரும் பெண்ணோ கணக்கைத் தவிர எதையும் நம்பாதவள்.

வினை அந்தப் பெண் உருவில் வந்தது. அந்த வேஷம் போட்ட நடிகை வேலையில் படு கவனம். இன்ஜினை எப்படிக் கிளப்புவது என்று கப்பல்காரர் காட்டியதை முதல் நாளே அப்படியே பிடித்துக்கொண்டாள். எந்தத் திருகு முதலில், எந்தக் கை மேலே என்பதோடு உள்ளங்கையையும் கண் மூடலையும் சேர்த்தே. அதுவும் இன்ஜின் கிளப்பும் முறைதான் என்று நினைத்துவிட்டாள். பதினோரு வாரம் ஒளிபரப்பானது. எதையும் நம்பாத பொறியாளர் அம்மா வாராவாரம் யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்டுக் கடிதம் மேல் கடிதம் வந்த பிறகுதான் தளத்தில் விஷயமே தெரிந்தது.

இயக்குநர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "அண்ணன் அப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாரு" என்றாள் நடிகை, வெள்ளந்தியாக.

"கப்பல்! என் தொடருக்குள்ள உன் சாமிய யாருய்யா கூட்டிட்டு வரச் சொன்னது? இனிமே பலகை முன்னாடி எவனாவது கண்ணை மூடினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். முதல்ல உன்னை!"

கப்பல்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில், முட்டை அட்டையை விண்கலமாக்க மட்டுமே தெரிந்த ஆளை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? வீட்டில் சொன்னார். மனைவி கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை. "உங்களால விட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை புது இன்ஜின் அறை தயார். இயக்குநர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் பலகைக்குப் போனது. இழுத்துக்கொண்டார். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். தளம் மொத்தமும் இருட்டு.

சாமியார் வேஷக்காரர் நிஜமாகவே எதிலோ இடித்து விழுந்தார். "கப்பல்! என்னய்யா ஆச்சு?" என்று இயக்குநரின் குரல்.

கப்பல்காரர் சட்டைப் பையைத் தடவினார். "ஸ்க்ரூ டிரைவரை உள்ளேயே வச்சு மூடிட்டேன் சார். கண்ணை மூடல இல்ல, அதான்."

டார்ச் வெளிச்சத்தில் கருகிய ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுத்தார்கள். இயக்குநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணை மூடிட்டு என்னதான்யா பண்ணுவ?"

"ஸ்க்ரூ டிரைவர் வெளிய இருக்கா, வயர் ஏதாவது தகட்டைத் தொடுதா, எர்த் மாட்டினேனானு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாப்பேன் சார்."

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானா? அப்ப சாமி இல்லையே?"

இங்கே ஒரு 'இல்லை சார்' சொன்னால் போதும், வேலை பிழைத்துவிடும். மனிதருக்கு வாய் வரவில்லை. "கடைசியா 'காப்பாத்து'ம்பேன் சார். அதைச் சொல்லாம கை சுவிட்சுக்குப் போகாது."

இயக்குநர் கருகிய ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் ஒரே நொடியிலயா?"

"ஆமா சார்."

"ஒரு பேப்பர் கொண்டாங்கப்பா" என்றார் இயக்குநர்.

அந்தப் பேப்பரில் அவர் எழுதி, அந்த வாரம் ஒளிபரப்பான காட்சியில் பொறியாளர் பலகையில் கை வைத்துக் கண்ணை மூடுகிறாள். சாமியார் வழுக்கி விழாமல் வந்து, "கும்பிடறீங்களா?" என்கிறார். "சரிபார்க்கறேன்" என்கிறாள். "நானும் காலைல அதைத்தான் செஞ்சேன்" என்கிறார் அவர். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பொறியாளர் சிரிக்கிறாள்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கடைசிவரை ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. விளம்பரம் வந்த பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷமா 'காப்பாத்து'ங்கறீங்களே, யாரை? உங்களையா?"

"என்னை எதுக்கு? நான் போட்டுட்டுத் தள்ளி வந்துடுவேன். நாள் முழுக்க அந்தத் தகட்டுல கை வைக்கிறது நடிக்கிறவங்கதானே. இப்ப அந்தப் பொண்ணு."

அந்த அம்மா ரிப்போர்ட் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.