மகளின் வயிறும் என் வாயும்

நோர்வே ஆஸ்பத்திரியில் மலத்துக்கும் ஒரு படத்தாள் வைத்திருக்கிறார்கள். சேலைக் கடையில் நிறம் காட்டுவதுபோலத் தாதி அதை மேசையில் விரித்து, "இன்றைக்கு எது?" என்று புன்னகைப்பாள். வந்த புதிதில் நான் கூச்சத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஊரில் 'வெளிக்குப் போறது' என்போமே, அதை அப்படியே மொழிபெயர்த்தேன்: "மகள் காலையில் வெளியே போவாள்."

"பனியிலுமா?" என்றார் பக்கத்தில் இருந்த டொக்டர்.

"தினமும் போகத்தானே வேண்டும்!"

குளிருக்கு அஞ்சாத குடும்பம் என்று அவர் எங்களைப் பாராட்டினார்.

என் மகள் நஸ்ரா இலங்கையில், கல்முனையில் மலவாசல் இல்லாமல் பிறந்தவள். அன்றே கொழும்புக்குக் கொண்டு ஓடினோம். வயிற்றில் வழி திறந்து, உரிய இடத்தில் வாசல் அமைத்து, பிறகு வயிற்று வழியை மூடினார்கள். மூன்று சத்திரசிகிச்சைகள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. அவள் அறியாமலே கசியும். இப்போதும் பின்னேரங்களில் குழாயால் நீர் ஏற்றிக் குடலைக் கழுவுகிறாள். ஊரில் நான் சொன்னதெல்லாம், "புள்ளைக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல." நாளைக்குப் பெண் கேட்டு வருபவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏழு மாதக் குழந்தைக்கு அப்போதே மாப்பிள்ளை வீட்டாரை நினைத்துப் பயந்தவள் நான்.

ஆஸ்பத்திரியில் வருடம் ஒருமுறை எங்கள் இருவருக்கும் தனித்தனிக் கேள்வித்தாள் தருவார்கள். தன் வாழ்க்கைக்கு அவள் பத்தில் எட்டுப் போட்டாள். அவள் வாழ்க்கைக்கு நான் மூன்று போட்டேன்.

இந்தப் பனிக்காலம் பள்ளிக்கூடத்தில் மலைக்கு இரண்டு இரவுப் பயணம். போகவேண்டாம் என்றேன். அவளுக்கு வயது பதின்மூன்று, கேட்பாளா?

"நான் வகுப்பில சொல்லிட்டன் உம்மா."

"என்னத்த?"

"எல்லாத்தையும். பின்னேரத்தில முக்கா மணித்தியாலம் கக்கூசு எனக்கு வேணும் எண்டு."

"அல்லாஹ்வே! ஆம்புளப் புள்ளைகளும் இருந்தவங்களா?"

"ஓம். அவ்வளவு நேரமும் ஃபோன் பாக்கலாமா எண்டு ஒருத்தன் பொறாமையில கேட்டான்."

போனாள். மூன்றாம் நாள் சிவந்த மூக்கோடு திரும்பி வந்தாள். "ஒருக்கா உடுப்பில பட்டிச்சு, மாத்திட்டன்," என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, அங்கே தந்த மீன் சூப்பைப் பற்றி அரைமணி நேரம் குறைசொன்னாள். நான் தயாராக வைத்திருந்த அழுகைக்கு இடமே கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்முனையிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். "வயிறு இப்ப சுகமா மகள்?"

"வயிறு இல்ல சாச்சி," என்று நஸ்ரா, நோர்வேக்காரியின் ராகத்தில் எங்களூர்த் தமிழில், பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை.



"ராத்தா, இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றாள் தங்கை. அவள் நஸ்ராவிடம் திரும்பினாள். "கழுவக்குள்ள நோகுமா மகள்?"

"நோகாது சாச்சி. அலுப்புத்தான்."

இருவரும் கதைத்துக்கொண்டே போனார்கள். ஃபோனைப் பறிக்க நீட்டிய என் கை மட்டும், பறிக்கவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.