சுவரில் இடித்த பீரங்கிக் குழாய்

அப்பா ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். பிறகு நகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டினார். சந்துகளுக்குள் மட்டும் லாரியை விடமாட்டார். முனையில் நிறுத்திவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு நடப்பார். “உங்கப்பாவுக்கு ரிவர்ஸ் எடுக்க வராதும்மா” என்று டிப்போவில் என்னிடமே சிரிப்பார்கள். அவர் மறுத்ததில்லை. மதியச் சாப்பாட்டை லாரிக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

நான் இயந்திரவியல் படித்தவள். என்னிடம் மட்டும் டாங்கியைப் பற்றிப் பேசுவார். முகப்புக் கவசம் தடித்தது. எதிரி முன்னால் நிற்பான் என்ற கணக்கில் செய்தது. நகரத்தில் அவன் மாடியில் நிற்கிறான். கூரைத் தகடு மெல்லியது. பின்னால் இன்ஜினை மூடிய தகடும் அப்படியே. பீரங்கியை அந்த மாடி அளவுக்கு உயர்த்த முடியாது. உள்ளே உட்கார்ந்தவனுக்கு வண்டியை ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். ஒருவன் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் போதும். அதனால் காலாட்படை கூடவே நடந்து வந்து மாடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் டாங்கி அடிபட்ட அன்று அவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு மூடி உண்டு. பீரங்கிக் குழாய் நேர் முன்னே நீட்டியிருந்தால் மூடி திறக்காது. அதனால் அப்பாவின் வண்டியில் ஒரு பழக்கம்: எங்கே நின்றாலும் பீரங்கியை இயக்குபவர் குழாயை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவார். அன்று போன தெருவில் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் சுவர். குழாயை நேராக வைத்தபடியே நுழைந்தார்கள்.

முதல் ராக்கெட் இன்ஜினில் பட்டது. வண்டி நின்றது, மின்சாரம் போனது. கமாண்டர் மேல்வழியாகக் குதித்தார். பீரங்கிக்காரரும் குதித்திருக்கலாம். அவர் உள்ளேயே இருந்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, குழாய் சுவரில் இடிக்கும்வரை திருப்பினார். மூடி பாதி திறந்தது. அப்பா பிதுங்கி வெளியே வந்தார். இரண்டாவது ராக்கெட் கூரையில் இறங்கியது.

கமாண்டர் அந்த வாரமே வேறொரு தெருவில் இறந்தார். நடந்ததைச் சொல்ல அப்பா மட்டும்தான் மிச்சம். ஓட்டுநர் முதல் ஆளாக ஓடிவிட்டான் என்று பீரங்கிக்காரரின் மனைவியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டுக்குப் போவார். அந்த அம்மா கதவைத் திறப்பார், இவர் முகத்தைப் பார்ப்பார், மூடிவிடுவார். நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்ட பிறகு நான் கூட்டிப்போனேன். படியேறி மூச்சுவாங்க நின்றவரைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கதவை மூட மனம் வரவில்லை.

“இந்த உடம்போட எதுக்கு வந்தீங்க?”

“சொல்லிட்டுப் போயிடறேன், அண்ணி.”

அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கதவைப் பிடித்தபடி கேட்டார்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது.

“திட்டினாரு, அண்ணி.”

“என்னன்னு?”

அப்பா அந்தக் காலத்தில் நல்ல பருமன்.

“‘டேய் பூசணி, வயித்த எக்கிக்கிட்டு வெளிய போடா, தடிமாடு!’”

அது அப்பாவின் குரல் இல்லை. கரகரப்பாக, கடைசிச் சொல்லில் ஓர் இழுப்போடு, நான் பார்த்திராத ஒருவர் பேசினார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள்கள் வெகுநேரம் குலுங்கின.

“அவரேதான். குரலே மறந்துபோச்சு எனக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க.”

அப்பா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

“அடுத்த தடவை சொல்றேன், அண்ணி.”

“வாங்க. சாப்பிடற மாதிரி வாங்க.”

அந்த மாதம் முடிவதற்குள் அப்பா இறந்தார். டிப்போவிலிருந்து சிலர் வந்து, வேலை நேரம் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் எண் இல்லை. அவர்தான் எப்படியோ என் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்.

“அப்பாவ எப்பம்மா கூட்டிட்டு வர்ற?”

“போயிட்டாரு, பெரியம்மா.”

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம். உட்கார்ந்திருப்பார்.

“உனக்கு வருமா, அந்தக் குரல்?”

“ஒரு தடவைதானே கேட்டேன். வராது.”

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.