தறிச் சத்தத்தில் தூங்குகிறவன்

என் இரட்டைப் பிள்ளைகளில் பெரியவன் அழுதே காரியம் சாதிப்பான். சின்னவன் விரல் சூப்பிக்கொண்டு காத்திருப்பான். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா போயிருந்தார். ஒற்றை ஆளாக நான் திணறுவதைப் பார்த்த அக்கா, "ஒருத்தன நான் வெச்சுக்கறேன் சாமி, நீ கொஞ்சம் தேறிக்க" என்றாள். அழாத பிள்ளைதானே என்று சின்னவனைக் கொடுத்தேன்.

வெண்ணந்தூரில் அக்கா வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. பகலெல்லாம் அந்த இரைச்சலில்தான் அவன் தூங்கினான்.

நாலு மாதம் கழித்துத் திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியவன், மத்தியானம் வீடு அடங்கியதும் வீரிட்டான். மடியில் போட்டுத் தட்டினால் திமிறினான். மிக்சியை வெறுமனே ஓட விட்டேன். அவன் கண்ணயர்ந்தான், பெரியவன் பயந்து அலறினான். பெற்றவள் குரலுக்கு அடங்காதவன் மிக்சிக்கு அடங்குகிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஸ்பீக்கர்ல போட்டு அவன் பக்கத்துல வை சாமி" என்றவள், தறியருகே போய் நின்றாள். அந்தச் சத்தத்தில் அவன் மெல்ல அடங்கித் தூங்கிப்போனான்.

"தூங்கிட்டானா?" என்று அக்கா கேட்டாள். என் மடியில் கிடந்தவன், அந்தக் குரலுக்குத் தூக்கத்திலேயே சிரித்தான்.