பழப்புளியில் மினுக்கிய நுணுக்குக்காட்டி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை அச்சிடப் போனபோது அச்சகத்தார் ஒரு மாதிரிக் கட்டுரையும் தந்தார்கள். "இன்முகம் மாறாதவர், ஈகைக் குணம் கொண்டவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்" என்று அது ஓடுகிறது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதுமாம். லண்டனில் இருந்து வந்து நிற்கும் என் தம்பி அதையே போடச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். அப்பாவின் மூத்த பிள்ளை நான். கடைசிவரை அவரோடு ஒரே வீட்டில் இருந்தவளும் நான். முன்பக்கங்களில் தேவாரமும் கவிராயர் பாடித் தந்த வெண்பாவும் இருக்கட்டும். இந்தப் பக்கங்களை நான் எழுதுகிறேன்.

அப்பா மயிலிட்டிக்குத் தெற்கே, வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். அவரை வளர்த்தவர் மூத்த சகோதரி, எங்கள் பெரியமாமி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி, தம்பியைப் படிப்பித்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு என்னை நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லக் கூடாது. மாமி தான் செய்ததை ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

படித்து முடித்த அப்பா, பருத்தித்துறைப் பக்கத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. காலையில் கிருமியைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியின் முன் குந்தினால் மத்தியானம்தான் எழும்புவாராம். ஒரு கண்ணை வில்லையில் வைத்து, மற்றக் கண்ணையும் மூடாமல் திறந்தபடியே பார்ப்பார். ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பவனுக்குச் சீக்கிரம் தலையிடிக்கும், தவறும் வரும் என்பார். வீட்டிலும் அவர் அப்படித்தான். எல்லாவற்றையும் காண்பார், ஒன்றும் சொல்லமாட்டார். காணி எல்லையைப் பக்கத்து வளவுக்காரன் உள்ளே தள்ளிப் போட்டபோதும் "பரவாயில்லை". தன் பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனபோதும் "பரவாயில்லை". ஊரில் அதைப் பெருந்தன்மை என்றார்கள். அந்தப் பெருந்தன்மையின் பாரத்தைச் சுமந்தவர்கள் அம்மாவும் நாங்களும். அதை யாரும் கேட்கவில்லை.

அந்த வைத்தியசாலைக்குப் புதுக் கருவிகள் வந்தபோது, வெள்ளைக்காரர் காலத்துப் பித்தளை நுணுக்குக்காட்டியைக் கழித்து ஏலத்தில் விட்டார்கள். அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனையோ பேருடைய காய்ச்சலை அவருக்குக் காட்டிக் கொடுத்த கருவி. போர் துரத்திய பெரிய இடப்பெயர்வின்போது நாங்கள் தென்மராட்சிக்கு நடந்தோம். சைக்கிள் கரியரில் அதன் மரப்பெட்டியைக் கட்டினார் அப்பா. அம்மா வழி முழுக்கப் பொரிந்துகொண்டே வந்தார்.

"இஞ்சாருங்கோ, சனம் அரிசியும் உடுப்பும் கொண்டு போகுது. உங்களுக்கு உந்தப் பித்தளையோ பெரிசு?"

அப்பா மழையில் நனைந்தபடி உருட்டினார். பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று காத்திருந்த வருடங்களில், கோண்டாவிலில் வாடகை வீட்டுப் பரணில் அது கிடந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் வளவைத் திரும்பக் காட்டியபோது வீடும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. அப்பா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் கண்ணில் நோய் பிடித்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய். வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் போகத்தான் போகிறது, மருந்து விட்டால் கொஞ்சம் தாமதிக்கலாம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்த அப்பா பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்.

"இதைத் திருத்தி, இதுக்குள்ளாலை ஒருக்கால் பார்த்திட வேணும் பிள்ளை. பிறகு கண் போனால் போகட்டும்."

எனக்குத் தெரிந்து அப்பா தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். புதுச் சேட்டுக் கேட்டதில்லை, வெளிநாட்டுப் பயணம் கேட்டதில்லை.

பெட்டியைத் திறந்தால் கிறீஸ் எல்லாம் பிலாப்பால் போல் இறுகிக் கிடந்தது. குழாயை ஏற்றி இறக்கும் சில்லு அசைய மறுத்தது. வில்லைகளுக்குள் பூஞ்சணம் வலை பின்னியிருந்தது. அப்பா அவசரப்படவில்லை. மண்ணெண்ணெயைத் துளி துளியாக விட்டு ஊற வைத்தார். தென்னோலை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிடுக்காகத் துடைத்தார். வில்லைகளை ஸ்பிரிற்றில் தொட்ட பஞ்சால், நடுவில் இருந்து வெளிப்பக்கமாக மட்டும் துடைத்தார். பித்தளையின் மேல் ஒரு மெல்லிய பொன்னிற வார்னிஷ் பூசியிருக்கும், அதைச் சுரண்டக் கூடாது என்று எனக்கும் சொல்லித் தந்தார். கறுத்துப் போன பித்தளை போல இருக்கும், ஆனால் அதுதான் அதற்குக் காவலாம். கழற்றிய பகுதிகளை அறையின் மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஒவ்வொரு ஆணியும் அது இருந்த துளைக்குப் பக்கத்தில். பழைய கருவிகளில் ஒரு துளையின் திருகாணி இன்னொரு துளைக்குப் பொருந்தாது. இடது கண்ணை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோய், வெயில் நல்லாக விழும் பகல் நேரத்தில் மட்டும் வேலை செய்தார். வேலை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அப்போதுதான் அம்மா போனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரமில்லை. அப்பா வேட்டியின் மேல் இன்னொரு துணியை மூடிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

அம்மாவின் அந்தியேட்டி அன்று அப்பாவும் தம்பியும் கிரியை செய்து கேணியில் முழுக ஆண்களோடு கீரிமலைக்குப் போனார்கள். நான் அடுப்படியில் படையலுக்குச் சமைத்துக்கொண்டு நின்றேன். வீடு கழுவிச் சாவுத் துடக்குக் கழிக்கும் வேலையைப் பெரியமாமி ஏற்றுக்கொண்டார். கனடாவில் இருந்து வந்த அவருடைய மகள்மார், என் மச்சாள்மார் இருவரும், கூட நின்றார்கள். எங்கள் வீடுகளில் அன்று பித்தளை ஒன்றும் மினுக்காமல் இருக்கக் கூடாது. குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம், மணி எல்லாம் கிணற்றடிக்கு வரும். பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தும்பால் உரஞ்சி, பளபளவென்று வெயிலில் கவிழ்ப்பார்கள். மாமி அப்பாவின் அறையைத் திறந்து, துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கறுத்த பித்தளை. துக்க வீட்டில் இப்படிக் கிடக்கலாமா? வேட்டியை நாலு மூலையும் சேர்த்து அப்படியே மூட்டையாகக் கட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சருவச்சட்டிக்குள் கொட்டிவிட்டார்.

நான் சோற்றை வடித்துவிட்டு வெளியே வந்தபோது, நுணுக்குக்காட்டியின் குழாய் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சாக்கில் காய்ந்துகொண்டிருந்தது. வார்னிஷ் போய், மஞ்சளாக மினுங்கியது. வில்லைகளையும் விடவில்லை. வில்லையைச் சுற்றிப் பித்தளை வளையம் இருக்கிறதே, அதோடு சேர்த்துக் கண்ணாடியையும் சாம்பலால் உரஞ்சி இருக்கிறார்கள். ஆணிகள் ஒரு சிரட்டைக்குள் கும்பலாகக் கிடந்தன. அதே நேரம் கீரிமலைக்குப் போன வான் வாசலில் வந்து நின்றது.

மாமி அப்பாவைக் கண்டதும் எழும்பினார்.

"தம்பி, உன்ரை சாமானெல்லாம் பாசி பிடிச்ச மாதிரிக் கிடந்தது. பிள்ளையள் கை நோக நோக மினுக்கினவை. பார், பொன் மாதிரி!"

அப்பாவின் தலையில் கேணித் தண்ணீர் இன்னும் காயவில்லை. குனிந்து, இருப்பதிலேயே சின்ன வில்லையை எடுத்தார். எண்ணெய்த் துளியில் முட்டி, மலேரியாக் கிருமியைக் காட்டும் வில்லை அது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கண்ணாடி பால் போல் வெளிறியிருந்தது. அதைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓம் அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பந்தி முடிந்த பிறகு நான் மாமியிடம் கேட்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாயை மூடு பிள்ளை. இண்டைக்குக் கொம்மாவின்ரை நாள். அவை நல்லதெண்டு நினைச்சுத்தானே செய்தவை."

நான் வாயை மூடினேன். அடுத்த நாள் யாருடைய நாளும் இல்லை. அன்றும் மூடச் சொன்னார். மச்சாள்மார் கனடாவுக்குத் திரும்ப முதல் அந்தப் பித்தளைக் குழாயைப் பிடித்தபடி படமும் எடுத்தார்கள்.

அதன் பிறகு அப்பா பட்ட பாட்டை உறவினர்கள் யாரும் காணவில்லை. பல்லிடுக்கில் புகுந்த சாம்பலையும் மணலையும் ஈர்க்கால் மீண்டும் துடைத்தார். எந்த ஆணி எந்தத் துளைக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பெரும்பாலும் விரலால் தடவித்தான். மேசைக்கு எவ்வளவு கிட்டக் குனிந்தாலும் அவருக்கு ஆணியின் தலை தெரியவில்லை. சாதாரண வில்லை ஒருவாறு தப்பியது. சின்ன வில்லை தப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் கண்ணாடிக் கடைக்காரர் கையை விரித்தார். தம்பி லண்டனில் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடி, ஒரு வழியாக அதே மாதிரி ஒரு வில்லை கண்டுபிடித்து ஊருக்கு வருபவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அது கைக்கு வருவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வில்லை வந்த அன்று அப்பா குளித்து, விபூதி பூசிக்கொண்டு மேசைக்கு வந்தார். தன் விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம் எடுத்து, இன்னொரு துண்டின் விளிம்பால் இழுத்தார். கை கொஞ்சமும் தடுமாறவில்லை. சாயம் போட்டு, கழுவி, காய வைத்து, எண்ணெய் விட்டு வில்லையை இறக்கினார். பழைய பழக்கப்படி இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு குனிந்தார். நெடு நேரம் சில்லை முன்னும் பின்னும் திருப்பினார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார். பிறகு கதிரையை விட்டு எழும்பினார். "நீ பார்த்துச் சொல்லு பிள்ளை."

நான் பார்த்தேன்.

"சின்னச் சின்ன வட்டம் அப்பா. கன வட்டம், எண்ணேலாது. இளஞ்சிவப்பு."

"நடுவிலை கொஞ்சம் வெளிறி இருக்கோ?"

"ஓம்."

"சரி, அதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். நுணுக்குக்காட்டியில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? அந்த வில்லையைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தால் என்ன என்று இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா அந்த அறைக்குப் போகவில்லை. இந்த வருடம் சிறுநீரகம் பழுதாகி, சில கிழமைகள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வலியில்லாமல் போனார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். இரவு பகல் பாராமல் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த தாதிமாருக்கு நன்றி. கேட்ட நேரமெல்லாம் ஓட்டோவைக் கொண்டுவந்த முன்வீட்டுத் தம்பிக்கு நன்றி. வில்லை தேடி அலைந்த என் தம்பிக்கு நன்றி, பிந்தினாலும். பாடை கட்டியவர்களுக்கும் பறை அடித்தவர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் சூப் கொண்டுவந்த பெரியமாமிக்கும் நன்றி சொல்கிறேன்.

அன்று மாமி கட்டில் விளிம்பில் இருந்து, அப்பாவின் கையைத் தடவிக்கொண்டு, போகப் போகிறவர்களிடம் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, என்னிலை ஏதும் மனத்தாங்கல் இருக்கோடா?"

"இருக்கு அக்கா" என்றார் அப்பா.

மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆளுக்கு நினைவு தடுமாறுது."

"நினைவு நல்லாத்தான் இருக்கு. ஆரைக் கேட்டு அந்த அறையைத் திறந்தனீங்கள்?"

மாமி சூப்பை என்னிடம் தந்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனார். செத்தவீட்டில் அவர் தலைமாட்டில் இருந்து, தம்பி ஒருவரிலும் ஒரு கோபமும் இல்லாமல் போனான் என்று ஒப்பாரி வைத்ததை எல்லோரும் கேட்டீர்கள். அச்சகத்தாரின் கட்டுரையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. வந்தவர்களும் அதையே என்னிடம் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள்.

ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று எழுதி முடிப்பதுதான் முறை. அப்பா சாந்தமாகத்தான் வாழ்நாள் முழுக்க இருந்தார், அது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்குக் கோபம் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மகள்