அடித்தது மாடத்தியா, பேயா?

கோர்ட்டுக் கச்சேரி வாசலில் டவாலி போட்டு நிற்பவனுக்குக் கால் இரும்பாக இருக்க வேண்டும், தொண்டை வெண்கலமாக இருக்க வேண்டும், மூளை மட்டும் இருக்கவே கூடாது. பாளையங்கோட்டையில் அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். வாய்தா வாங்கி வாங்கி அதே வாசலில் வெந்து நின்ற புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாத கஷ்டமா? ஆனாலும் மாடத்தி வழக்கில் நான் பட்ட பாடு தனி.

மூன்றாவது கூப்பாடு

மாடத்தி கங்கைகொண்டான் பக்கத்துக் கூலிக்காரி. புருஷன் கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதிலிருந்து பிரமை பிடித்தவள் மாதிரி இருந்தாளாம். நடவுக்கும் போகவில்லை. நடவுக்கு வராதவளுக்குப் பேய்தான் பிடித்திருக்க வேண்டும் என்று பண்ணையார் முடிவுகட்டி, பேயோட்டுகிற கோடாங்கியை வரவழைத்து உடுக்கடிக்க வைத்திருக்கிறார். நடுவில் அவள் உலக்கையை எடுத்து அவர் மண்டையில் ஒன்று போட்டுவிட்டாள். அவர் பிராது கொடுத்தார். "நான் அடிக்கலை, என் மேல இருந்தது அடிச்சிட்டு" என்பது அவள் கட்சி. ஜாமீனுக்கு ஆளில்லை. இடுப்பில் பால்குடிப் பிள்ளை வேறு. அவள் ஜெயிலுக்குப் போனால் அதுவும் கம்பிக்குள்ளேதான்.

கச்சேரி வழக்கப்படி பெயரை மூன்று தடவை கூவ வேண்டும். "மாடத்தீ!" என்று இரண்டு தடவை கூவிவிட்டு மூச்சை இழுத்தேன். வேப்பமரத்தடியில் நின்ற அவள் ஊர்ச் சாட்சிகள் மொத்தமாக ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் கும்பிட்டே விட்டார்: "அண்ணாச்சி, ரெண்டோட நிறுத்திக்கிடுங்க. மூணாவது கூப்பிட்டா அவ வரமாட்டா, அது வந்துரும்!"

ஏட்டையாவும் எலுமிச்சம்பழமும்

அவளைக் கூட்டிவந்த ஏட்டையா ஆஜானுபாகு. திருடனைக் குடுமியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வருகிற மனுஷன். மாடத்தியை மட்டும் நாலு முழம் முன்னால் நடக்கவிட்டு, தலைப்பாகைக்குள் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் கையில் விலங்கு இல்லை. பிள்ளை வீறிட்டு அழுததும் முதலில் துள்ளிக் குதித்தவர் அவர்தான்.

"என்னவே, கைதியைச் சும்மா கூட்டிட்டு வாரீரு?" என்றேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்றால், நான் வேதக்காரன். எங்கள் மிஷன் தெருப்பக்கம் பேய் வராது என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. அவர் பைய என் காதருகே குனிந்தார்: "சர்க்கார் விலங்கு மனுசக் கைக்குச் செஞ்சதுவே. அது கைக்குப் பூட்டினா, பெறவு தொறக்கது ஆரு, உங்க பாதிரியாரா?"

பங்கா நின்றது

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "பேயாவது, பிசாசாவது!" என்று எரிந்து விழுவார். கோடாங்கி கூண்டில் ஏறியதும், "சரி, அந்தப் பேய் இப்போது எங்கே?" என்று கிண்டலாகக் கேட்டார். கோடாங்கி கண்ணை மூடி, நெற்றி விபூதியைத் தொட்டுவிட்டு, கூரையில் தொங்கும் பங்கா விசிறியின் கயிறு போகிற மூலையைக் காட்டினான். அவ்வளவுதான்! கயிற்றைப் போட்டுவிட்டு, பங்கா இழுக்கிற சுப்பன் சுவரேறிக் குதித்தான்.

எஜமானுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் ஓடிப்போய், சாலையோரம் நின்ற சுப்பனைப் பிடித்தேன். "ஏலே, எசமான் அங்கன வெந்து சாவுதாரு" என்றேன். அவன் அசையவில்லை. "வேகட்டும் அண்ணாச்சி. அவுக போனா வேற எசமான் வருவாக. நான் போனா எம் பொண்டாட்டிக்கு வேற நான் வருவனா?"

வக்கீல் கேட்ட கேள்வி

மாடத்திக்கு ஒரு சின்ன வக்கீல் இரக்கப்பட்டு ஆஜரானார். மாஜிஸ்திரேட் முகத்தைப் பார்த்தால் ஜெயில் நிச்சயம் போலிருந்தது. அந்தப் பிள்ளையோ என் டவாலியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுக்கு என்ன தெரியும், பாவம்!

வக்கீல் பண்ணையாரைக் கேட்டார்: "அந்தப் பெண்ணைப் புளியம் விளாறால் முதுகு கிழிய அடித்தீரா?"

"அவளை நான் எதுக்கு அடிக்கேன்? பேயையில்லா அடிச்சேன்! ஊரே சாட்சி."

"ஆக, விளாறடி வாங்கியது பேய். அடுத்த நிமிஷம் உலக்கையை எடுத்தது யார்?"

மாடத்திதான் என்றால் விளாறடி வாங்கியதும் மாடத்தி என்றாகும். பொம்பளையை அடித்த குற்றம் பண்ணையார் தலையில் விழும். மாஜிஸ்திரேட்டும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பண்ணையார் மண்டைக்கட்டைத் தடவிக்கொண்டார். "பேய்தான் எசமான். அவ நல்ல பிள்ளை."

வாசலில்

வழக்கு தள்ளுபடி. எனக்கே சம்பளம் கூடின மாதிரி சந்தோஷம். வேப்பமரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தவளிடம் கேட்டேன்: "நெசமாவே உலக்கையைத் தூக்குனது ஆரு தாயி?"

மாடத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். முதுகில் புண் ஆறாமல் சேலை ஒட்டியிருந்தது. "பேயா? அது முதல் அடியிலேயே ஓடிப்போச்சு அண்ணாச்சி. அதுக்குப் பெறவு விழுந்ததெல்லாம் என் முதுகுலதான்."

அந்தப் பண்ணையார் அதற்கப்புறம் ஊரில் யாருக்குப் பேய் பிடித்தாலும் விளாறைத் தொடுவதே இல்லையாம். எந்தக் கோடாங்கியாலும் ஓட்ட முடியாத ஒன்றை அவரிடமிருந்து எங்கள் கச்சேரி ஓட்டிவிட்டதில் டவாலிக்காரனான எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.