புனிதமலர் அக்காவின் ஏச்சு

முல்லைத்தீவுக் கரையில் நான் ஐஸ் கட்டி இழுத்த காலத்தில், எங்கள் ஐஸ் பக்டரியில் எல்லோருக்கும் பயம் புனிதமலர் அக்காவின் வாய்க்குத்தான். முதலாளியே அவர் வருவதைக் கண்டால் வேறு வழியால் போவார். அக்காவின் கணவர் மரியநாயகம் அங்கே மெசின் பார்த்தவர். ஒருநாள் கடற்கரைக்குப் போனவரைக் கிபீர் விமானம் போட்ட குண்டு வெட்டவெளியில் வைத்து முடித்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் நின்று தொழில் பழகியிருந்த அக்கா, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பிளேன் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழியான பங்கருக்குள் முதல் ஆள் அவர்தான். அதை மட்டும் கேலி செய்ய எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

ஐஸை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். நாள் முழுக்க அந்த மணத்தில் நின்று மரத்துப்போன எங்கள் மூக்குகளை நம்ப முடியாது. அதனால் மெசின் அறையின் கூரையோரம் காஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இரண்டு பூட்டப்பட்டிருந்தன. கசிந்தால் சைரன் ஊதும். உப்புக்காற்று அவற்றைத் தின்றுகொண்டே இருந்தது. பொருளாதாரத் தடையால் வவுனியாவுக்கு அப்பாலிருந்து ஓர் ஆணி வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. புதுக் கருவிக்கு எங்கே போவது? அக்கா சனிக்கிழமை தோறும் ஏணியில் ஏறி, கருவியின் வலைமூடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு அமோனியாத் தண்ணீரில் நனைத்த துணியை அதன் அருகே பிடிப்பார். சைரன் ஊதினால் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை எங்களிடம் சொல்லாமல் சோதித்துவிட்டு இறங்கி வந்தார். முற்றத்தில் ஒருவரும் இல்லை. சைரனைக் கேட்டதும் கிபீர்தான் என்று நினைத்து, மெசின் அறைச் சுவரோரம் இருந்த பங்கருக்குள் அத்தனை பேரும் குதித்திருந்தோம்.

"வெளியால வாங்கோடா, மொக்குக் கூட்டம்! உண்மையா காஸ் வந்திருந்தா இந்தக் கிடங்குக்குள்ளயே செத்திருப்பியள்!"

"சத்தம் கேட்டா பங்கருக்க ஓடத்தானே அக்கா பழகியிருக்கிறம்," என்றான் கட்டி உடைக்கிற கிறகோரி.

அக்கா பங்கர் வாசலையும் மெசின் அறைச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பங்கரைத் தள்ளி வெட்டவும் வழியில்லை. மற்ற இடமெல்லாம் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். அமோனியா இலேசானது, மேலே போகும் என்பார்கள். ஆனால் திரவமாகக் கசிந்தால் அது குளிர்ந்து தரையோடு ஊர்வதை வால்வு மாற்றும்போது அக்கா கண்டிருந்தார். ஆகவே ஒரு கருவியைக் கழற்றிப் பங்கர் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பூட்டினார். சைரனுக்குப் பதிலாக லொறி பற்றரியில் ஒரு கசற் றேடியோவைத் தொடுத்தார். இனிமேல் காஸ் பட்டால் அதில் பதிந்து வைத்த அக்காவின் குரல்தான் கேட்கும்: "காஸ்! பங்கருக்குள்ள இருக்காதையுங்கோ! காத்து வாற பக்கம் ஓடுங்கோ, சனி பிடிச்சதுகள்!"

விழுந்து விழுந்து சிரித்தோம். நேரில் வாங்கும் ஏச்சுப் போதாதென்று கசற்றிலும் வாங்க வேண்டுமா என்று கேட்டான் கிறகோரி.

மாரி மழை தொடங்குமுன் ஒரு பின்னேரம் உண்மையிலேயே கிபீர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் இருந்தோம், அக்காவும்தான். குண்டு கடற்கரைப் பக்கம் விழுந்து நிலம் குலுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் ஒன்று சீறியது. சற்று நேரத்தில் தலைக்கு மேலே அக்காவின் குரல் ஏசத் தொடங்கியது. என் பக்கத்தில் இருந்த அக்காவோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஒருவரும் அசையவில்லை. கிபீர் வட்டமடித்துத் திரும்பும் இரைச்சல் கேட்டது.

"இப்ப வெளியில போனா சாவுதான் அக்கா," என்று கிறகோரி அவர் கையைப் பிடித்தான்.

"கிபீருக்குக் குறி தப்பும். காஸுக்குத் தப்பாதடா."

கையை உதறிவிட்டு ஏறினார். ஏறியவர் ஓடவில்லை. திறந்த வானத்தின் கீழ் நின்று எங்களை ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கினார். அமோனியாவின் வெள்ளைப் புகைமூட்டம் அவர் காலடிக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு துணிச்சலை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

காற்று கடலிலிருந்து வந்தது. ஆகவே குண்டு விழுந்த அந்தப் பக்கமே ஓடி மணலில் குப்புற விழுந்தோம். அடுத்த குண்டு களப்புத் தண்ணீருக்குள் போனது. கடைசியாக வந்த அக்கா, கண் எரிய, இருமி இருமி எங்கள் ஒவ்வொருவர் தலையையும் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கிறியள்தானே?"

"ஓம் அக்கா."

அதற்குப் பிறகுதான் மணலில் குந்தியிருந்து அழுதார்.

"அவரும் இந்த மணலிலதான்ரா கிடந்தவர்," என்றார்.