மாதம் தவறாத பொய்

எங்கள் மலையூரில் தூரமானவள் ஊர் எல்லையில் இருக்கும் குடிசைக்குப் போய்விட வேண்டும், மூன்று நாளைக்கு. போகாதவள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊரே முடிவுகட்டிவிடும். எனக்கோ நாலைந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். கல்யாணமான புதிதில் மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை என்றதும் மாமியார் கோயிலுக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். நாலாம் மாதம் போனேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போய் உட்கார்ந்துகொள்வேன். மோவாயில் வேறு முடி முளைத்தது. வீட்டில் இருந்தால் ஓடைக்குப் போகும்போது சாம்பல் தொட்டுப் பிடுங்கிவிடுவேன். குடிசையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எங்கே பிடுங்குவது? பல்வலி என்று சொல்லி முந்தானையால் மூடிக்கொள்வேன்.

கொழுந்தன் பெண்டாட்டி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடிசையில் இருந்தோம். என் துணி சுத்தமாக இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மோவாயையும் பார்த்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க அக்கா" என்றாள்.

அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் குடுமி அவள் கையில் சிக்கிவிட்டதாகவே நினைத்தேன். வீடு திரும்பியதும் முந்திக்கொண்டு மாமியாரிடம் சொன்னேன்: "சின்னவ சும்மாவே குடிசைக்கு வாராளுங்க அத்தை. துணியில ஒண்ணுமே இல்லீங்க."

மாமியார் அவளைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கேட்டார்.

"இல்லீங்க அத்தை."

"அப்ப இவ பொய் சொல்றாளா?"

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாயே திறக்கவில்லை. தூரமாகாதவளுக்குப் பிள்ளை தங்காது என்று சொல்லி, வாரத்துக்குள் அவளை மலையின் இன்னொரு பக்கம் அரியூர் நாட்டிலிருந்த தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து, வெள்ளைக்காரன் இருந்த காலத்திலேயே, மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி அப்பால் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "ஆம்பளைக்கு மீசை முளைக்க வைக்கிற சுரப்பு எல்லாப் பொம்பளை உடம்பிலயும் கொஞ்சம் இருக்கும் கண்ணு. தெம்புக்கு அதுவும் வேணும். உனக்குக் கொஞ்சம் கூடச் சுரக்குதுபோல. இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்றார். டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

உடம்பின் மேல் தப்பில்லை என்றானதும் மிச்சமிருந்த தப்பெல்லாம் என்னுடையதுதான் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்க அவளைத் தேடிப் போனேன். வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். உள்ளேயிருந்து அவள் புது மாமியார், "யாரு கண்ணு வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"அந்த ஊட்டுல என்னை நல்லாப் பாத்துக்கிட்ட அக்காங்க" என்றாள் அவள்.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். இல்லை என்று சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.